தளத்துக்குத் தண்ணீர், ஆளுக்கு?

கூடுவாஞ்சேரியில் கத்திரி வெயிலை அறியக் காலண்டர் வேண்டாம். காலை பத்து மணிக்குக் கட்டுக்கம்பியைத் தொட்டால் போதும். ஜிஎஸ்டி சாலையின் இரு பக்கமும் வீடுகள் எழும்பிக்கொண்டே இருக்கும் ஊர் இது. மழைக்கு முன் தளம் போட்டுவிட எல்லோரும் அவசரப்படுவதால், கட்டட மேஸ்திரியான எனக்கு மே மாதத்தில்தான் வேலை அதிகம்.

கோவளம் கடல் இங்கிருந்து நேர்க்கோட்டில் சுமார் 20 கிலோமீட்டர். ஆனாலும் கடற்காற்று நமக்குத் தாமதமாகத்தான் வரும். மேல்காற்று பலமாக அடிக்கும் நாளில் இன்னும் தாமதம்; அன்று வெயில் கொளுத்திவிடும். காற்று வந்த பிறகும் நிம்மதி இல்லை. அது கொண்டுவரும் ஈரத்தில் வியர்வை சீக்கிரம் காயாது. காய்ந்தால்தான் உடம்பு குளிரும். வழிந்துகொண்டே இருந்தால் நீரும் உப்பும் போகுமே தவிர, சூடு போகாது. வானிலைத் துறையின் வெப்ப அலை வரம்பு சமவெளிக்கு 40 டிகிரி, கடலோரத்துக்கு 37தான்.

தண்ணீர் குடியுங்கள் என்று எல்லோரும் சொல்கிறார்கள். எங்கள் சைட்டில் கலவை சுமக்கும் அக்கா ஒருவர் காலை டீயோடு சரி, மதியம்வரை பச்சைத் தண்ணீர்கூடத் தொடமாட்டார். கேட்டதற்கு, “குடிச்சிட்டு எங்க மேஸ்திரி ஒதுங்கறது? சுத்தி ஆம்பளைங்க” என்றார். போரூர் ஸ்ரீ ராமச்சந்திரா உயர்கல்வி நிறுவனத்தில் பேராசிரியர் வித்யா வேணுகோபால் குழுவினர் செய்த ஆய்வுகளிலும் இதே சங்கதி இருக்கிறது: வேலையிடத்தில் கழிப்பறை இல்லாத பெண்கள் வெக்கையிலும் தண்ணீரைத் தவிர்த்து, சிறுநீர்த் தொல்லைக்கு ஆளாகிறார்கள். தமிழகத்தில் 800 கர்ப்பிணிகளிடம் அவர்கள் நடத்தி 2024இல் வெளியான ஆய்வு, கடும் வெப்பத்தில் உழைப்பவர்களுக்குக் கரு கலையும் ஆபத்து இரு மடங்கு என்கிறது.

எங்கள் சைட்டில் கழிப்பறைக்கென்று நாலு தகரத்தை நிறுத்தி, உள்ளே தாழ்ப்பாள் வைத்தோம். இப்போது அந்த அக்காவின் பாட்டில் மதியத்துக்குள் காலி.

தளம் போட்ட மறுநாள் பாத்தி கட்டித் தண்ணீர் நிறுத்துகிறோம். இந்த வெயிலில் குறைந்தது பத்து நாள் ஈரம் காயக் கூடாது என்று வீட்டுக்காரரே மாடியேறிப் பார்க்கிறார். அந்தக் கண் ஆள் மேலும் இருக்க வேண்டும். முக்கியமாகப் புதிதாக வந்தவர், ஊருக்குப் போய்த் திரும்பியவர் மேல். உடம்பு வெயிலுக்குப் பழக ஒன்றிரண்டு வாரம் ஆகும். முதல் நாளே முழுச் சுமை ஏற்றக் கூடாது.

கெண்டைக்கால் பிடித்தாலோ, தலைவலி, குமட்டல் வந்தாலோ உடனே நிழல், ஓஆர்எஸ். பாக்கெட் இல்லையென்றால் ஒரு லிட்டர் தண்ணீரில் ஆறு டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு. உடம்பு நெருப்பாய்ச் சுட்டு, பேச்சுக் குழறினால் அது வெப்பத்தாக்கு. 108ஐக் கூப்பிட்டுவிட்டு, வண்டி வரும்வரை மேலெல்லாம் தண்ணீர் ஊற்றி விசிறுங்கள். நினைவில்லாதவர் வாயில் எதையும் ஊற்றாதீர்கள்.

2024 அக்டோபரில் தமிழக அரசு வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அறிவித்தது. இறந்தவர் குடும்பத்துக்கு 4 லட்சம் ரூபாய் நிவாரணம் உண்டு. ஆள் சாகாமல் இருக்க ஆகும் செலவு அதில் ஒரு துளி. வீடு கட்டப் போகிறீர்களா? சதுர அடி ரேட் பேசும் அன்றே மேஸ்திரியிடம் கேளுங்கள்: பெண்களுக்குக் கழிப்பறை எங்கே, நிழல் எங்கே, பன்னிரண்டிலிருந்து மூன்றுவரை வேலையை நிறுத்தினால் கூலி பிடிப்பீர்களா? பிடிப்பேன் என்றால் வேறு மேஸ்திரியைப் பாருங்கள்.