மங்கும் விளக்கும் கூசும் கண்ணும்

பழைய கார் வாங்கச் செல்பவர்கள் பெரும்பாலும் பகலில்தான் செல்கிறார்கள். என்ஜினின் ஓசையைக் கேட்கிறார்கள். டயரின் தேய்மானத்தைப் பார்க்கிறார்கள். விபத்தில் சிக்கிய வண்டியா என்று கதவையும் பானெட்டையும் தடவிப் பார்க்கிறார்கள். முகப்பு விளக்கை ஒருமுறை போட்டுப் பார்த்து, எரிகிறது என்பதோடு திருப்தி அடைந்துவிடுகிறார்கள். அந்த வெளிச்சம் போதுமா என்பது, குடும்பத்துடன் இரவில் ஊர் திரும்பும்போதுதான் தெரிகிறது. தெருவிளக்குகள் முடியும் இடத்தில் சாலையே முடிந்துவிட்டதுபோல் தோன்றுகிறது.

உடனே பலரும் எடுக்கும் முடிவு, இதைவிட அதிகத் திறனுள்ள பல்பை மாட்டிவிடலாம் என்பதுதான். ஆனால், பழைய காரின் விளக்கு மங்குவதற்குப் பெரும்பாலான நேரங்களில் பல்பின் திறன் காரணமல்ல. அதற்குரிய மின்சாரம் முழுமையாகக் கிடைக்காமல் இருக்கலாம். அல்லது அதில் பிறக்கும் ஒளி சாலையைச் சென்றடையாமல் இருக்கலாம். நோயை அறியாமல் மருந்தின் அளவை மட்டும் கூட்டினால் என்ன ஆகுமோ, அதுதான் இங்கும் ஆகிறது.

இது வசதி குறித்த சிக்கல் மட்டுமல்ல. மணிக்கு 80 கி.மீ. வேகத்தில் செல்லும் கார், ஒரு விநாடியில் 22 மீட்டர் கடக்கிறது. எதிரே ஓர் உருவத்தைக் கண்டு, கால் பிரேக்கை அழுத்துவதற்கு ஒன்றரை விநாடி ஆகும் என்று கொண்டால், அதற்குள் வண்டி 33 மீட்டர் சென்றிருக்கும். உலர்ந்த சாலையில் அது நிற்பதற்கு மேலும் 35 மீட்டர் தேவை. மங்கிய விளக்கில் 30 மீட்டர் தொலைவுதான் தெரிகிறது என்றால், பிரேக்கை அழுத்தும் முன்பே மோதல் நிகழ்ந்துவிடும். சாலையோரம் நடந்து செல்பவர், பின்விளக்கு இல்லாத டிராக்டர், குறுக்கே வரும் மாடு என்று நம் சாலைகளில் இரவு நேரத்தில் எதிர்ப்படும் எதுவும் தானாக ஒளிர்வதில்லை.

மங்கலுக்கான முதற்காரணம் கண்ணெதிரே இருக்கிறது. பழைய அம்பாசிடர் போன்ற கார்களின் விளக்கு மூடி கண்ணாடியால் ஆனது. பின்னர் வந்த கார்களில் பாலிகார்பனேட் என்னும் பிளாஸ்டிக் இடம்பிடித்தது. அது எடை குறைவானது, எளிதில் உடையாதது. ஆனால், வெயிலின் புறஊதாக் கதிர்கள் அதன் மேலுள்ள பாதுகாப்புப் பூச்சை ஆண்டுக்கணக்கில் அரித்துவிடுகின்றன. பிறகு பிளாஸ்டிக் மஞ்சளித்து, பால்போல் மங்குகிறது. அமெரிக்க வாகன ஓட்டிகள் சங்கமான ஏஏஏ 2018-இல் வெளியிட்ட சோதனை முடிவின்படி, இவ்வாறு சிதைந்த விளக்குகள் புதிய விளக்கு தரும் ஒளியில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கை மட்டுமே தருகின்றன.

இதற்குத் தீர்வு எளிது. மூடியை நன்கு கழுவி, தண்ணீர் விட்டபடியே முதலில் சற்றுச் சொரசொரப்பான உப்புத்தாளாலும், பிறகு படிப்படியாக மிக நுண்ணிய உப்புத்தாளாலும் தேய்த்து, கடைசியில் பாலிஷ் போட வேண்டும். அத்துடன் நிறுத்திவிடக் கூடாது. புறஊதாக் கதிரைத் தடுக்கும் பூச்சை மீண்டும் பூசாவிட்டால், சில மாதங்களிலேயே மஞ்சள் திரும்பிவிடும். பற்பசையால் தேய்ப்பது போன்ற வீட்டு வைத்தியங்கள் நீடிக்காததற்கும் இதுவே காரணம். மூடி தெளிவாக இருந்தும் உள்ளேயிருக்கும் வெள்ளிப் பூச்சு கறுத்தோ உரிந்தோ போயிருந்தால், தேய்ப்பதால் பயனில்லை. விளக்குத் தொகுதியையே மாற்ற வேண்டியதுதான்.

இரண்டாவது காரணம் கண்ணுக்குத் தெரியாதது. ஹாலஜன் பல்பின் ஒளி, அதற்குக் கிடைக்கும் மின்னழுத்தத்தைப் பெரிதும் சார்ந்தது. மின்னழுத்தம் 10 சதவீதம் குறைந்தால், ஒளி ஏறத்தாழ 30 சதவீதம் குறைந்துவிடும். பல பழைய கார்களில் விளக்குக்கான மின்சாரம் முழுவதும் ஸ்டியரிங் அருகிலுள்ள சுவிட்ச் வழியாகவே சுற்றிச் செல்கிறது. தேய்ந்த சுவிட்ச், துருவேறிய எர்த் இணைப்பு, கறுத்த பல்பு ஹோல்டர் என ஒவ்வோர் இடத்திலும் சிறிது மின்னழுத்தம் வீணாகிறது.

என்ஜினை ஓடவிட்டு, விளக்கைப் போட்டு, பேட்டரி முனைகளிலும் பல்பு ஹோல்டரிலும் மல்டிமீட்டரால் அளந்து பார்க்கச் சொல்லுங்கள். வேறுபாடு அரை வோல்ட்டுக்கு மேல் இருந்தால், குறை ஒயரிங்கில் இருக்கிறது. இணைப்புகளைச் சுத்தம் செய்து எர்த்தைப் புதுப்பித்தாலே பாதி வேலை முடிந்துவிடும். பேட்டரியிலிருந்து ஃபியூஸ், ரிலே வழியாகத் தடித்த ஒயரில் நேரடியாக மின்சாரம் கொடுத்தால் மீதியும் முடியும். அதன் பிறகு, காருக்குரிய அதே திறனில் தரமான புதுப் பல்புகளை இரு பக்கமும் ஒன்றாக மாற்றலாம்.

மூன்றாவது, விளக்கு பார்க்கும் திசை. சிறு மோதலுக்குப் பின் பழுது பார்க்கப்பட்ட கார்களில் ஒரு விளக்கு தரையையும் மற்றொன்று மரக்கிளையையும் பார்ப்பதுண்டு. சமதரையில் ஒரு சுவருக்கு எதிரே 10 மீட்டர் தொலைவில் காரை நிறுத்தி, டிம் விளக்கைப் போட்டால், வெளிச்சத்தின் மேல் விளிம்பு விளக்கின் உயரத்தைவிடச் சுமார் 10 சென்டிமீட்டர் கீழே விழ வேண்டும். விளக்கின் பின்புறமுள்ள திருகைத் திருப்பி இதைச் சரிசெய்யலாம். பின்னால் ஆளும் சுமையும் ஏறினால் காரின் முகப்பு மேலே எழும்பும். அதை ஈடுகட்டவே பல கார்களில் ஓட்டுநர் அருகே சிறு சக்கரம் ஒன்று வைக்கப்பட்டிருக்கிறது. அதன் பயன் அறிந்தோர் குறைவு.

இவற்றைச் செய்யாமல், கடையில் கிடைக்கும் 100/90 வாட் பல்பை மாட்டுவோரும், எல்இடி பல்பை மாட்டுவோரும் உண்டு. பரவலாகப் பயன்படும் எச்4 பல்பின் திறன் 60/55 வாட். அந்த அளவு வெப்பத்துக்காக அமைந்த ஒயரும் ஹோல்டரும் கூடுதல் மின்சாரத்தில் உருகலாம். எல்இடியின் சிக்கல் வேறு. ஹாலஜன் பல்பின் இழை இருக்கும் இடத்தை நுட்பமாகக் கணக்கிட்டே பிரதிபலிப்பான் வடிவமைக்கப்படுகிறது. ஒளி பிறக்கும் இடம் சற்று மாறினாலும், சாலையில் விழ வேண்டிய ஒளி நாலாபுறமும் சிதறுகிறது. ஓட்டுநருக்கு முன்னால் பளிச்சென்று வெண்மையாகத் தெரியும், தொலைவு தெரியாது. எதிரே வருபவருக்கோ சில விநாடிகள் சாலையே தெரியாது.

நம் மங்கலை அடுத்தவரின் குருட்டுத்தன்மையாக மாற்றுவது தீர்வாகாது. சட்டமும் இதை அனுமதிக்கவில்லை. மத்திய மோட்டார் வாகன விதிகள் 1989-இன் 106-ஆவது விதி, எதிரே 8 மீட்டர் தொலைவில், ஒன்றரை மீட்டர் உயரத்தில் இருக்கும் கண்ணைக் கூசச்செய்யாத வகையில் முன்விளக்கின் ஒளி கீழ்நோக்கித் திருப்பப்பட்டிருக்க வேண்டும் என்கிறது. ஒரு காலத்தில் விளக்கின் நடுவே கறுப்புப் பொட்டு ஒட்டியதும் இந்தக் கூச்சத்தைக் குறைப்பதற்காகத்தான்.

விதி இருக்கிறது, அளந்து பார்க்கும் ஏற்பாடு இல்லை. சொந்தப் பயன்பாட்டுக்கான காருக்குப் பதிவு செய்த 15 ஆண்டுகள் வரை தகுதிச் சோதனை கிடையாது. அதற்குள் அந்தக் கார் இரண்டு மூன்று கைகள் மாறியிருக்கலாம். பிரிட்டனில் மூன்று ஆண்டு நிறைந்த கார்களுக்கு ஆண்டுதோறும் நடக்கும் கட்டாயச் சோதனையில், முகப்பு விளக்கின் திசையும் பார்க்கப்படுகிறது. இங்கும் புகைச் சான்றிதழுக்காகக் கார்கள் குறிப்பிட்ட காலத்துக்கு ஒருமுறை சோதனை மையத்துக்குச் செல்லத்தான் செய்கின்றன. அங்கேயே விளக்கின் ஒளியையும் திசையையும் பார்க்கும் ஏற்பாட்டைச் செய்யலாம். உரிமை மாற்றத்தின்போதும் இதைக் கட்டாயமாக்கலாம்.

அரசு அதைச் செய்யும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. பழைய கார் வாங்குவோர், அதை இருட்டிய பிறகு ஒருமுறை ஓட்டிப் பார்க்கட்டும். ஏற்கெனவே வாங்கியவர்கள், இன்றிரவே ஒரு சுவரின் முன் நிறுத்திப் பார்க்கலாம். அந்த வெளிச்சத்தை நம்பிச் சாலையோரம் நடப்பவர்களும் இருக்கிறார்கள்.