உரக்கப் படிக்கிறான், ஒன்றும் புரியவில்லை

கடைசி வரிசை – 11

செஞ்சியிலிருந்து விழுப்புரம் போகும் வழியில் சற்றே உள்ளே தள்ளி இருக்கிறது மண்டகப்பட்டு. ஏழாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் முதலாம் மகேந்திரவர்மன் குடைவித்த குடைவரை அங்கே உண்டு. செங்கல், மரம், உலோகம், சுதை எதுவும் இல்லாமல் மும்மூர்த்திகளுக்கு எடுத்த கோயில் என்று அதன் கல்வெட்டே சொல்கிறது. எழுத்து கிரந்தம், மொழி சமஸ்கிருதம். தமிழ் மட்டும் தெரிந்த ஒருவருக்குக் கிரந்த எழுத்துகளைக் கற்றுக்கொடுத்து அதன் முன்னால் நிறுத்துங்கள். பிசகில்லாமல் வாசித்துவிடுவார். என்ன எழுதியிருக்கிறது என்று கேட்டால் விழிப்பார்.

நம் நான்காம், ஐந்தாம் வகுப்புகளில் தமிழ்ப் பாடத்தையே இப்படி வாசிக்கும் பிள்ளைகள் இருக்கிறார்கள். எழுத்துக் கூட்டத் திணறும் பிள்ளை உடனே கண்ணில் பட்டுவிடும். கடகடவென்று வாசிக்கும் பிள்ளையை யாரும் சந்தேகப்படுவதில்லை. ‘நல்லா படிக்கிறான் சார்’ என்ற பெயரோடு ஆறாம் வகுப்புக்குப் போய், அறிவியல் பாடத்தில் மாட்டிக்கொள்கிறான்.

1986-இல் பிலிப் கஃப், வில்லியம் டன்மர் என்ற இரு ஆய்வாளர்கள் இதை ஒரு பெருக்கல் கணக்காகச் சொன்னார்கள். எழுத்தை ஒலியாக்கும் திறனையும் மொழியைப் புரிந்துகொள்ளும் திறனையும் பெருக்கினால் வருவதுதான் வாசிப்பு. கூட்டல் அல்ல, பெருக்கல். இரண்டில் எது பூஜ்யமானாலும் விடை பூஜ்யம்தான்.

முதல் பாதிக்கு நாம் நிறையச் செய்திருக்கிறோம். கொரோனாவில் பள்ளிகள் மூடிக் கிடந்த பிறகு, இதே விழுப்புரம் மாவட்டத்தில் மரக்காணம் பக்கத்து முதலியார்குப்பத்தில்தான் 27.10.2021 அன்று ‘இல்லம் தேடிக் கல்வி’ தொடங்கியது. மாதம் ஆயிரம் ரூபாய் ஊக்கத்தொகைக்கு, ஊர்ப் பெண்கள் மாலை நேரத்தில் திண்ணையிலும் கோயில் வாசலிலும் பிள்ளைகளை உட்காரவைத்துச் சொல்லிக்கொடுத்தார்கள். அடுத்த ஆண்டு ஜூனில் ‘எண்ணும் எழுத்தும்’ வந்தது. வயதைப் பார்க்காமல் நிலையைப் பார்த்து அரும்பு, மொட்டு, மலர் என்று பிரித்துக் கற்பிக்கும் ஏற்பாடு. அது சரியான யோசனை என்றே நினைக்கிறேன். 247 எழுத்துகள், ‘கொ’வில் இரு பக்கமும் வந்து நிற்கும் குறி, ‘கடல்’, ‘மகன்’, ‘தங்கை’ மூன்றிலும் வேறு வேறாக ஒலிக்கும் ககரம். இதெல்லாம் பிடிபடப் பிள்ளைக்குப் பிள்ளை காலம் வேறுபடும்.

இரண்டாம் பாதியில்தான் கோட்டை விடுகிறோம். புரிந்ததா என்று பார்க்க நாம் கேட்கும் கேள்விகளே பழுது. ‘பிலுவன் ஞொட்டியைத் தசுக்கினான்’ என்று ஒரு வரி எழுதுகிறேன். எந்த அகராதியிலும் இல்லாத சொற்கள். ஞொட்டியைத் தசுக்கியவன் யார்? பிலுவன். பிலுவன் எதைத் தசுக்கினான்? ஞொட்டியை. முழு மதிப்பெண்! பாடத்தின் பின்னால் இருக்கும் வினாக்களில் பாதி இந்த ரகம். கேள்வியில் உள்ள சொல்லைப் பாடத்தில் தேடி, அந்த வரியை அப்படியே பெயர்த்து எழுதினால் போதும். நோட்டுப் புத்தகம் முழுக்கச் சிவப்பு ‘டிக்’ விழும்.

வரியில் இல்லாததைக் கேட்க வேண்டும். அவன் ஏன் அப்படிச் செய்தான், நீயாக இருந்தால் என்ன செய்வாய், அடுத்து என்ன நடக்கும்? கதையை மூடிவைத்துவிட்டு, ‘வீட்ல தம்பிக்குச் சொல்ற மாதிரி சொல்லு’ என்று கேட்டாலே நிலைமை தெரிந்துவிடும். அப்போது பிள்ளை ‘வந்துச்சு’, ‘போச்சு’ என்றுதான் பேசும், பேசட்டும். செஞ்சிப் பக்கத்துப் பிள்ளைக்கு மல்லாட்டை நன்றாகத் தெரியும். புத்தகத்தில் அது நிலக்கடலை. வயல் என்று பாடம் சொல்வது வீட்டில் கழனி. பாடத்தைத் திறக்கும் முன் பத்து நிமிடம் அதைப் பற்றிப் பேசவிட்டால் இரண்டும் ஒன்றுதான் என்பது தானாகவே விளங்கும். வகுப்பில் சத்தம் வரும்தான். ஆய்வுக்கு வரும் அதிகாரி முகம் சுளிக்கவும் கூடும்.

இன்னொன்று, ஆசிரியர் தினமும் கதை வாசித்துக் காட்டுவது. பிள்ளைகளால் தாமே படிக்க முடியாத, சற்றுக் கடினமான கதையாகவே இருக்கலாம். எழுத்து கைவராத பிள்ளைக்கும் காது உண்டு. நீண்ட வாக்கியங்களும் புதுச் சொற்களும் முதலில் காது வழியாகத்தான் போய்ச் சேரும். பள்ளிக்கல்வித் துறையின் வாசிப்பு இயக்கம் ‘நுழை, நட, ஓடு, பற’ என்று படிப்படியாகச் சிறு நூல்கள் போட்டிருக்கிறது. அவற்றைக் கிழிந்துவிடுமே என்று பீரோவில் பூட்டாமல் இருந்தால் சரி.

இத்தனைக்குப் பிறகும் எழுத்து நழுவிக்கொண்டே இருக்கும் பிள்ளைகள் சிலர் உண்டு. பேச்சில் சூட்டிகை, பார்வையிலும் குறை இல்லை, ஆனால் எழுத்து மட்டும் நிற்காது. 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் கற்றல் குறைபாட்டையும் தன் பட்டியலில் சேர்த்திருக்கிறது. பத்தாம் வகுப்புத் தேர்வில் கூடுதல் நேரம், சொல்வதை எழுத ஓர் ஆள் என்று சலுகைகள் உண்டு. ஆனால் அதற்குள் அந்தப் பிள்ளை பத்து வருடம் ‘மக்கு’ப் பட்டம் சுமந்திருக்கும். இரண்டாம் வகுப்பிலேயே இவர்களை அடையாளம் காண்பது எப்படி என்பதை அடுத்த வாரம் பார்ப்போம்.

(தொடரும்)