இரணியனுக்குப் பக்கத்து ஸீட்!

சினிமா தியேட்டர் வாசலில் நின்று, 'செருப்பைக் கழற்றுவதா, வேண்டாமா?' என்று யோசித்த ஆள் எங்கள் வம்சத்திலேயே நான்தான் முதலாக இருப்பேன்.

2025 ஆகஸ்ட். ஆடிப்பெருக்கு முடிந்த அடுத்த ஞாயிற்றுக்கிழமை. காவிரி இரண்டு கரையையும் தொட்டுக்கொண்டு ஓட, ஸ்ரீரங்கத்திலிருந்து ஒண்ணாம் நம்பர் பஸ்ஸில் ஏறினோம். அம்மா, அப்பா, எட்டு வயது அக்கா பெண், நான். போன இடம் திருச்சியில் ஒரு தியேட்டர். படம் 'மகாவதார் நரசிம்மா'.

அனிமேஷன் படம் சார். எங்கள் அம்மா பாஷையில் 'பொம்மைப் படம்'. அஸ்வின் குமார் என்பவர் டைரக்ட் செய்து, கே.ஜி.எஃப். எடுத்த ஹோம்பாளே கம்பெனி வெளியிட்டது. ஜூலை 25-ம் தேதி சத்தமில்லாமல் வந்தது. பார்த்தவர்கள் பக்கத்து வீட்டில் சொல்ல, பக்கத்து வீடு எதிர்வீட்டில் சொல்ல, வசூல் 300 கோடியைத் தாண்டிவிட்டது. இந்திய அனிமேஷன் படம் எதுவும் இவ்வளவு சம்பாதித்ததில்லை!

வடக்கே சில ஊர்களில் ஜனங்கள் ஹாலுக்கு வெளியே செருப்பை விட்டுவிட்டுப் போய்ப் படம் பார்த்த வீடியோவைப் பார்த்து நான் சிரித்திருக்கிறேன். இப்போது என் கண்ணெதிரே, கதவோரம் பதினைந்து இருபது ஜோடி செருப்பு. அம்மா யோசிக்கவே இல்லை, கழற்றினாள். அக்கா பெண்ணும் கழற்றினாள். அப்பா ஷூவின் லேஸை இன்னும் இறுக்கிக் கட்டினார்!

அப்பாவைப் பற்றிக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். திருவெறும்பூர் பெல் தொழிற்சாலையில் வெல்டராக இருந்து ரிட்டயர் ஆனவர். வயது எழுபத்தொன்று. பெரியார் பக்தர் (பக்தர் என்று எழுதியதற்கு உதைப்பார்). ராஜகோபுரத்துக்கு எதிரே 2006-ல் வைத்த பெரியார் சிலை வரைக்கும் போவார். அதற்கு மேல் ஓர் அடி எடுத்து வைத்ததில்லை. அம்மாவோ ரங்கநாதரைப் பார்க்காமல் காபி குடிக்க மாட்டாள். நாற்பது வருஷமாகக் கூட்டணி ஆட்சி நடக்கிறது, ஒரு தடவைகூடக் கவிழ்ந்ததில்லை.

கவிழ்ந்தது அப்பாவுக்கும் எனக்கும்தான்.

'எதையும் கேள்வி கேள்' என்று சொல்லிச் சொல்லியே என்னை வளர்த்தவர் அவர். பி.காம். முடித்து, ஒரு கணக்குப்பிள்ளை வேலையில் ஆறு வருஷம் குப்பை கொட்டிவிட்டு நானும் ஒரு கேள்வி கேட்டேன். "நான் ஏன் ஆபீஸ் போகணும்? எழுதிப் பிழைச்சா என்ன?" அவ்வளவுதான்! "எழுதிக் கிழிப்பான்" என்று அம்மாவிடம் சொன்னார். அன்றிலிருந்து எல்லாமே அம்மா வழியாகத்தான். "உன் புள்ளைய கரன்ட் பில் கட்டச் சொல்லு." "அவரு கட்டிட்டாரான்னு கேளும்மா." ஒரே கூடத்தில் ஆறடி தூரத்தில் உட்கார்ந்துகொண்டு ஆறு வருஷம்! அம்மாதான் எங்கள் வீட்டு டெலிபோன் எக்ஸ்சேஞ்ச்.

அப்படிப்பட்டவர் இந்தப் படத்துக்கு ஏன் வந்தார்? பேத்தி கூப்பிட்டாள். பேத்திக்கு முன்னால் கொள்கையாவது, மண்ணாவது!

உள்ளே முக்கால்வாசி நிரம்பியிருந்தது. பின் வரிசையில் கல்லூரிப் பையன்கள். வராகர் கொம்பை நீட்டிக்கொண்டு சண்டைக்கு வந்ததும் விசில் பறந்தது. முன் வரிசைப் பாட்டி ஒருத்தர் கன்னத்தில் போட்டுக்கொண்டார். இரண்டு சத்தமும் ஒரே விநாடியில். சண்டைக் காட்சிக்குக் கன்னத்தில் போட்டுக்கொள்வதையும், சாமி வரும்போது விசிலடிப்பதையும் ஒரே தியேட்டரில் அன்றுதான் பார்த்தேன். யாரும் யாரையும் முறைக்கவில்லை.

2014-ல் ரஜினியின் 'கோச்சடையான்' அனிமேஷனில் வந்தபோது, படம் முழுக்க அந்தப் பொம்மைக்குள் ரஜினியைத் தேடிக்கொண்டே இருந்தேன். இங்கே அந்தத் தொல்லை இல்லை. நரசிம்மர் எப்படி இருப்பார் என்று மளிகைக்கடை காலண்டரிலேயே நமக்குத் தெரியும். அவரைப் போல இன்னொருத்தர் நடித்தால்தான் உறுத்தும்.

இடைவேளை. ஆளுக்கொரு பப்ஸ். அம்மா பேத்திக்குக் கதை சொல்ல ஆரம்பித்தாள்.

"கம்பர் நம்ம ஸ்ரீரங்கத்துலதான் ராமாயணத்தை அரங்கேத்தினார். தாயார் சந்நிதி பக்கத்துல மண்டபம் இருக்கே, அங்கேதான். அதுல இரணியன் கதையும் வருது. பெரிய பெரிய பண்டிதரெல்லாம் 'வால்மீகியிலே இல்லாததை நீ எப்படிச் சேர்க்கலாம்?'னு சண்டைக்கு வந்துட்டாங்க. அப்போ எதிர்ல படி ஏறினா இருக்காரே மேட்டழகிய சிங்கர்... அவரே தலையை ஆட்டிச் சிரிச்சிட்டாராம். அப்புறம் யார் வாயைத் திறப்பா?"

யுத்த காண்டத்தில் விபீஷணன் ராவணனுக்குப் புத்தி சொல்வதாக வருகிறது அந்த இரணியன் வதைப் படலம். 170-க்கும் மேற்பட்ட பாட்டுகள். யோசித்தால், நரசிம்மர் கதைக்கு எங்கள் ஊரில் பதிவான முதல் 'ஆடியன்ஸ் ரியாக்‌ஷன்' நரசிம்மருடையதே!

அப்பா சும்மா இருப்பாரா? பேத்தி பக்கம் திரும்பினார்.

"இன்னொரு கதையும் கேட்டுக்க கண்ணு. பாரதிதாசன் 1934-லேயே ஒரு நாடகம் போட்டாரு. 'இரணியன் அல்லது இணையற்ற வீரன்'. பெரியார்தான் தலைமை. அதுல இரணியன்தான் ஹீரோ. ஜனங்க அவனுக்குத்தான் கை தட்டினாங்க."

"அப்ப பிரகலாதன் வில்லனா தாத்தா?"

அப்பா பப்ஸைக் கடித்தார். பதில் வரவில்லை.

நம் ஊரில் எல்லாக் கட்சிக்கும் இந்தக் கதை வேண்டியிருக்கிறது. தெலுங்கின் முதல் பேசும் படமே 'பக்த பிரகலாதா'. தமிழில் 1939-ல் வந்த 'பிரகலாதா'வில் டி.ஆர்.மகாலிங்கம் பிரகலாதன், எம்.ஜி.ஆர். இந்திரன். 1967-ல் ஏவி.எம். எடுத்தபோது எஸ்.வி.ரங்காராவ் இரணியன். ஒவ்வொரு தலைமுறையும் காசு கொடுத்து, முடிவு தெரிந்தே போய்ப் பார்த்திருக்கிறது. ஏன்?

எனக்கு விடை கிடைத்தது இரண்டாம் பாதியில்.

பிள்ளையை யானைக் காலில் போடச் சொல்கிறான், நெருப்பில் உட்கார வைக்கிறான். பெற்ற அப்பன்! விசில் நின்றுவிட்டது. பின் வரிசைப் பையன்களிடமிருந்து பாப்கார்ன் சத்தம்கூட இல்லை. பக்கத்து ஸீட்டில் அப்பா. அவர் கை என் ஸீட்டின் கைப்பிடியில் இருந்தது. எடுக்கவில்லை.

அக்கா பெண் என் காதில் கிசுகிசுத்தாள். "மாமா, அந்த ஓநாய்ப் படத்துலயும் அந்த அப்பா கேக்கவே மாட்டாருல்ல?"

தூக்கிவாரிப் போட்டது. போன லீவில் வீட்டில் அவளுக்குப் போட்டுக் காட்டிய படம் 'வுல்ஃப்வாக்கர்ஸ்'. 2020-ல் அயர்லாந்தில் கில்கென்னி என்ற ஊர்க்காரர்கள் கையால் வரைந்து எடுத்த அனிமேஷன். அந்தப் பக்கத்து மக்கள் சிலர் ஓநாயாக மாறுவார்கள் என்று அங்கே நூற்றாண்டுக் கணக்காக ஒரு கதை உண்டு. அதை வைத்துப் பின்னியது. காடு, கோட்டை, மாயம் எல்லாம் இருக்கும். ஆனால் மையக்கதை ஒன்றுதான். மகள் உண்மையைச் சொல்கிறாள். வேட்டைக்கார அப்பா, அவள் நல்லதுக்குத்தான் என்று நினைத்துக்கொண்டு, காதிலேயே வாங்குவதில்லை.

அங்கே பாதி மனுஷன், பாதி ஓநாய். இங்கே பாதி மனுஷன், பாதி சிங்கம். பெரியவர்கள் நாம் மிருகத்தைப் பார்த்து வாய் பிளக்கிறோம். குழந்தை மட்டும் அப்பாவைப் பார்த்திருக்கிறது!

தூண் வந்தது. இந்தத் தூணில் என்ன ஆகும் என்று தெரியாதவர் அந்தத் தியேட்டரில் ஒருத்தர்கூட இருக்க முடியாது. இருந்தும் மொத்த ஹாலும் மூச்சைப் பிடித்துக்கொண்டது. தூண் பிளந்ததும் எழுந்த "கோவிந்தா!"வில் ஏ.சி. சத்தம் அமுங்கிப்போனது. ஓர் அம்மாள் ஸீட்டை விட்டு எழுந்து, உடம்பு நடுங்கக் கைகூப்பி நின்றார். கூட வந்தவர்கள் தோளைப் பிடித்துக்கொண்டார்கள்.

இதைச் சினிமா கற்றுக்கொடுக்கவில்லை. தஞ்சாவூர் பக்கம் மெலட்டூரில் நரசிம்ம ஜயந்தியை ஒட்டி பாகவத மேளாவில் பிரகலாத சரித்திரம் விடிய விடிய நடக்கும். நரசிம்மர் முகமூடியைப் பூஜையில் வைத்திருப்பார்கள். அதைக் கட்டுகிறவர் விரதம் இருந்து கட்டுவார். ஆவேசம் வந்தால் தடுக்க நாலு பேர் அவரைப் பிடித்துக்கொண்டே நிற்பார்கள். மேடையில் இருந்த நடுக்கம் திருச்சியில் ஸீட்டுக்கு இறங்கி வந்திருக்கிறது, அவ்வளவுதான்.

விளக்கு போட்டதும் செருப்பைத் தேடினோம். அம்மாவுடையது பத்திரம். (நானும் கடைசியில் கழற்றியிருந்தேன். அம்மாவுக்காக. நம்புங்கள்!)

பஸ்ஸில் அக்கா பெண் செல்போனைப் பார்த்துப் படித்தாள். "மாமா, இது மாதிரி மொத்தம் ஏழு படம் எடுக்கப் போறாங்களாம். பரசுராமர், ராமர், கிருஷ்ணர்... கடைசிப் படம் 2037-ல. அப்போ எனக்கு இருபது வயசு. தாத்தாவுக்கு?"

"எண்பத்திமூணு" என்றார் அப்பா.

அப்புறம் கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. பஸ் காவிரிப் பாலத்தில் ஏறியது. ஜன்னல் வழியே தண்ணீரைப் பார்த்துக்கொண்டே அப்பா சொன்னார்.

"இரணியன் வீரன்தான். அதுல எனக்கு மாத்துக் கருத்து கிடையாது. ஆனா அந்தப் பய என்னதான் சொல்றான்னு ஒரு தடவை உக்காந்து கேட்டிருக்கலாம்."

பழக்கதோஷத்தில் அம்மாவைப் பார்த்தேன், எக்ஸ்சேஞ்ச் லைன் போடும் என்று. அவள் கோபுரம் தெரிகிறதா என்று வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நீ இப்ப என்ன எழுதறே?"

ஆறு வருஷத்தில் நேராக வந்த முதல் வாக்கியம். எனக்குத் தொண்டை அடைத்தது. "இந்தப் படத்தைப் பத்தி எழுதலாம்னு..." என்று இழுத்தேன்.

எழுதியதும் அவரிடம்தான் முதலில் கொடுத்தேன். மூக்குக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, பாய்லர் குழாயில் ஓட்டை தேடுகிற மாதிரி வரி வரியாகப் படித்தார். மூன்று எழுத்துப் பிழைகளை வட்டம் போட்டார். 'உதைப்பார்' என்ற இடத்தில் ஒரு விநாடி நிறுத்தினார். தாளைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, ஒன்றும் சொல்லாமல் லேசாகத் தலையை ஆட்டினார்.

நல்லா இருக்கு என்றா, தேறாத கேஸ் என்றா, தெரியவில்லை. ஆனால் ஸ்ரீரங்கத்தில் ஒருத்தர் தலையை ஆட்டினால் அதை அப்ரூவல் என்று எடுத்துக்கொள்வதுதான் கம்பர் காலத்திலிருந்து வழக்கம்!