ஒரு கோளைப் பார்க்க எவ்வளவு நேரம்?

தொலைநோக்கியைத் திருப்பினால் கோள் உடனே தெரிந்துவிடும் என்றுதான் மாணவர்கள் பலரும் நினைக்கிறார்கள். அப்படியில்லை. மற்ற விண்மீன்களைச் சுற்றும் புறக்கோள்களை நேரடியாகப் படமெடுக்க, எவ்வளவு நேரம் பார்க்க வேண்டும் என்று முதலில் கணக்குப் போட வேண்டும்.

ஏன் இவ்வளவு சிரமம்?

2008இல் எச்.ஆர். 8799 என்ற விண்மீனின் கோள்களைப் படமெடுத்து அறிவித்தார்கள். அவை வியாழனைவிடப் பொருண்மை மிக்கவை. பிறந்த சூடு இன்னும் ஆறாதவை. அதனால் அகச்சிவப்பு ஒளியில் சிக்கின. பூமி போன்ற கோள் அப்படிச் சிக்காது. கண்ணுக்குத் தெரியும் ஒளியில் பூமி, சூரியனைவிட ஏறத்தாழ 1,000 கோடி மடங்கு மங்கல். விண்மீனின் ஒளியைக் கருவியால் மறைத்தாலும் கொஞ்சம் கசியும். விண்வெளித் தூசும் மினுங்கும். இவை இரண்டும் சேர்ந்ததே பின்னணி ஒளி.

கணக்கைப் பாருங்கள்

ஒளித்துகள்கள் தகரக் கூரையில் விழும் மழைத்துளி மாதிரி, சீராக விழாது. சராசரியாக 100 துகள் வரும் இடத்தில் 90 வரலாம், 110 வரலாம். இந்த ஏற்ற இறக்கமே இரைச்சல். அதன் அளவு, மொத்த எண்ணிக்கையின் வர்க்கமூலம்.

ஓர் எடுத்துக்காட்டு: நிமிடத்திற்குக் கோளிலிருந்து 2 துகள், பின்னணியிலிருந்து 18 துகள் என்று வைத்துக்கொள்வோம்.

- 1 நிமிடத்தில்: கோள் 2, இரைச்சல் ஏறத்தாழ 4.5. ஒன்றும் தெரியாது.
- 125 நிமிடத்தில்: கோள் 250, மொத்தம் 2,500, இரைச்சல் 50. கோளின் ஒளி இரைச்சலைப்போல் 5 மடங்கு. இப்போது நம்பலாம்.
- 10 மடங்கு வேண்டுமா? 500 நிமிடம் ஆகும்.

தெளிவு இரு மடங்காக, நேரம் நான்கு மடங்கு!

அதே கோள் இரு மடங்கு தொலைவில் இருந்தால், அதன் ஒளி கால் பங்காகி 0.5 துகளாகும். பின்னணி மாறாவிட்டால் 5 மடங்குத் தெளிவுக்கே 1,850 நிமிடம், அதாவது ஏறத்தாழ 31 மணி நேரம் தேவை.

இதனால் என்ன?

தொலைநோக்கியின் நேரம் அளவானது. ஒரே விண்மீனுக்கு அதை அள்ளிக் கொடுத்தால் மற்றவற்றைப் பார்க்க முடியாது. குறைத்துக் கொடுத்தாலோ, இருக்கும் கோளையே இல்லை என்று சொல்லிவிடுவோம். நாசா திட்டமிடும் ‘ஹேபிட்டபிள் வேர்ல்ட்ஸ்’ விண்வெளித் தொலைநோக்கியின் இலக்கு, உயிர் வாழத்தக்க ஏறத்தாழ 25 கோள்களை ஆராய்வது. ஆடி எவ்வளவு பெரிதாக வேண்டும் என்பதை முடிவு செய்யவும் இந்த நேரக் கணக்கு வேண்டும்.

மாணவர்களே, கவனிக்க

‘மதிப்பீடு’ வேறு, ‘ஊகம்’ வேறு. காரணமும் எண்ணும் காட்டிச் சொல்வதே மதிப்பீடு. விளக்கக் கட்டுரையில் இவ்விரு சொற்களையும் மாற்றிப் போடாதீர்கள்.

பயிற்சி: கோளிலிருந்து 4, பின்னணியிலிருந்து 16 துகள் வந்தால், 5 மடங்குத் தெளிவுக்கு எத்தனை நிமிடம்?

விடை: ஏறத்தாழ 31 நிமிடம். கோளின் ஒளி இரட்டித்தது. நேரம் கால் பங்கானது. ஏன் என்று உங்கள் சொந்த வாக்கியத்தில் எழுதிப் பாருங்கள்.