கோடு இருக்கு, நெட் இல்லையே!



எங்க அப்பா ஒரு மளிகைக் கிடங்கில் சரக்குக் கணக்கு பார்க்கிறார். முன்பு நோட்டில் எழுதுவார். இப்போது கிடங்கில் கொடுத்த டேப்லெட்டில்தான் பதிய வேண்டும். போன மாதம் ஒரு வெள்ளிக்கிழமை வாடிய முகத்தோடு வீட்டுக்கு வந்தார். அன்று வந்த 32 எண்ணெய் டின் கணக்கில் ஏறவே இல்லையாம். "நான் பதியவே இல்லைன்னு முதலாளி சொல்றாரு கண்ணு. வைஃபை கோடு முழுசாத்தான் இருந்துச்சு" என்றார்.

மறுநாள் பள்ளி விடுமுறை. நானும் கூடவே போனேன். கம்ப்யூட்டர் டீச்சர் சொல்லிக் கொடுத்த வரிசைப்படி மூன்று கேள்வி கேட்டுப் பார்த்தேன்.

1. கோளாறு எந்தப் பக்கம்?
டேப்லெட்டிலிருந்து ரவுட்டர் வரை ரேடியோ அலை. ரவுட்டரிலிருந்து வெளியே போவது கேபிள். கோடு காட்டுவது முதல் பாதியை மட்டும்தான். குழாய் இருக்கு, தொட்டியில் தண்ணி இல்லை என்றால் என்ன செய்வோம்? அது மாதிரிதான். அதனால் ஒரு போனில் மொபைல் டேட்டாவை அணைத்துவிட்டு, அதே வைஃபையில் போட்டுப் பாருங்கள். அதிலும் வரவில்லை என்றால் ரவுட்டரை அணைத்து, அரை நிமிடம் கழித்துப் போடுங்கள். அப்படியும் வராவிட்டால் இணைப்பு கொடுத்தவரைக் கூப்பிட வேண்டியதுதான். போனில் வந்தால் கோளாறு டேப்லெட்டில்.

2. இடம் சரியா?
இரும்பு அலமாரியும் டின் அடுக்கும் அலையைத் தடுக்கும். பல ரவுட்டர்களில் 2.4, 5 கிகாஹெர்ட்ஸ் என இரண்டு அலைவரிசை உண்டு. 5 வேகமானது, ஆனால் சுவரைத் தாண்டும்போது சீக்கிரம் பலம் குறையும். தூரத்தில் நிற்பவர்களுக்கு 2.4 நல்லது.

3. டேப்லெட்டில் என்ன?
விமானப் பயன்முறையைப் போட்டு எடுங்கள். ரவுட்டர் ஒவ்வொரு கருவிக்கும் ஐ.பி. முகவரி என்று ஒரு எண் கொடுக்கும். அது சரியாகக் கிடைக்காவிட்டால் மறுபடி இணைத்ததும் கிடைத்துவிடும். அதற்கும் மசியவில்லை என்றால் அந்த இணைப்பை 'மறந்துவிடு' கொடுத்து, கடவுச்சொல்லைப் புதிதாகப் போடுங்கள். (முதலில் கடவுச்சொல்லைக் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்!) கடைசியாகத் தேதியைப் பாருங்கள்.

அப்பாவின் டேப்லெட்டில் மாட்டியது அந்தத் தேதிதான்! முதல் நாள் இரவு சார்ஜ் சுத்தமாக இறங்கியிருக்கிறது. மறுபடி போட்டபோது தேதி 2015 ஜனவரி 1 என்று மாறிவிட்டது. இணையத்தில் பாதுகாப்பான தளங்கள் ஒரு சான்றிதழ் காட்டும். அதில் எந்தத் தேதி முதல் எந்தத் தேதி வரை செல்லும் என்று இருக்கும். டேப்லெட் 2015-இல் இருந்ததால், 'இந்தச் சான்றிதழ் இன்னும் தொடங்கவே இல்லையே' என்று இணைப்பை மறுத்துவிட்டது.

தானியங்கித் தேதியைப் போட்டும் மாறவில்லை. கையாலேயே சரியான தேதியை வைத்தேன். தேங்கி நின்ற 32 டின்னும் கடகடவென்று ஏறியது! தேதி மட்டும் 2015 என்று விழுந்திருந்தது. அதை முதலாளியே திருத்தினார். "சரி சரி, நல்லதாப் போச்சு" என்று மட்டும் சொன்னார். அப்பா ஒன்றும் பேசவில்லை. வரும் வழியில் எனக்குச் சூடாக இரண்டு போண்டா வாங்கிக் கொடுத்தார்.

நண்பர்களே, கருவி தப்பு செய்தால் திட்டு விழுவது மனிதருக்குத்தான். உங்க வீட்டிலும் யாராவது "நெட் போகல" என்று தவித்தால், இந்த மூன்று கேள்வியையும் கேட்டுப் பாருங்கள்.



— 9-ஆம் வகுப்பு 'ஆ' பிரிவு மாணவி