உப்பு விளையும் ஊருக்கு ரயில் எப்போது?

மரக்காணம் உப்பளங்களில் வெயில் ஏறுவதற்குள் வேலை முடிந்தாக வேண்டும். இருள் பிரியாத நேரத்திலேயே தொழிலாளர்கள் பாத்தியில் இறங்கி, பலகையால் உப்பை வாரி வரப்போரம் ஒதுக்குகிறார்கள். பெண்கள் அதைக் கூடையில் சுமந்துபோய் அம்பாரத்தில் கொட்டுகிறார்கள். சுமார் 3,000 ஏக்கரில் விளையும் இந்த உப்பு முழுவதும் லாரியை நம்பித்தான் இருக்கிறது. ரயிலைப் பிடிக்க மேற்கே திண்டிவனம் போக வேண்டும், இல்லையென்றால் தெற்கே புதுச்சேரி.

ஒரு காலத்தில் இந்த ஊருக்கென்று தனி வழியே இருந்தது. ஆந்திரத்தின் பெத்தகஞ்சத்தில் தொடங்கி, சென்னையைக் கடந்து, 400 கிலோமீட்டருக்கு மேல் ஓடிவரும் பக்கிங்ஹாம் கால்வாய் முடிவது மரக்காணத்தில்தான். 1806-ல் சென்னைக்கு வடக்கே வெட்டத் தொடங்கிய கால்வாய் இது. 1876-78 தாது வருஷப் பஞ்சத்தில் கூலிக்கு வந்த பட்டினி மக்களைக் கொண்டு நகருக்குள் இணைப்பு வெட்டினார்கள். உப்பும் விறகும் படகேறிச் சென்னை போயின. காற்று இருந்தால் பாய் விரிப்பார்கள், இல்லாவிட்டால் கரையில் நடந்தபடி கயிறு கட்டி இழுப்பார்கள். அதே 1870-களில்தான் தென்னிந்திய ரயில்வே திண்டிவனம் வழியாக உள்நாட்டில் தண்டவாளம் போட்டது. 1879-ல் விழுப்புரத்திலிருந்து புதுச்சேரிக்குக் கிளைப் பாதையும் வந்துவிட்டது. மரக்காணம் இரண்டுக்கும் வெளியே நின்றுபோனது. பிறகு கால்வாயும் தூர்ந்தது.

உப்புக் கரைக்கு ரயில் சரிப்பட்டு வராது என்பவர்கள் வேதாரண்யத்தைப் போய்ப் பார்க்கலாம். திருத்துறைப்பூண்டியிலிருந்து வேதாரண்யம் வழியாக அகஸ்தியம்பள்ளி உப்பளங்கள் வரை 37 கிலோமீட்டர். மீட்டர் கேஜ் ரயில் நின்ற பிறகு பத்தொன்பது வருஷம் அந்த மக்கள் கேட்டுக்கொண்டே இருந்தார்கள். அகலப்பாதையாக 2023 ஏப்ரல் 8 அன்று அது மறுபடி திறக்கப்பட்டது. நெய்விளக்கு, தோப்புத்துறை போன்ற சின்ன ஊர்களுக்கும் ஸ்டேஷன் உண்டு.

உப்புக்காற்று இரும்பை அரிக்கும், அது உண்மை. தண்டவாளத்தின் அடிப்பாகத்தில் கிளிப்பு கவ்வும் இடத்தில்தான் துரு முதலில் பிடிக்கும். அந்த இடத்தைச் சுத்தம் செய்து பெயின்ட் அடிப்பதும் கிரீஸ் தடவுவதும் கடலோரப் பாதைகளில் வழக்கமான வேலை. செலவு கூடும், ஆனால் செய்ய முடியாத காரியமல்ல.

வருமானம் தேறாது என்பவர்களுக்கும் ஒரு பதில் உண்டு. ஜப்பானில் சோஷி என்றொரு மீன்பிடி ஊர். அங்கே 1923 முதல் ஓடும் ரயில்பாதையின் நீளம் 6.4 கிலோமீட்டர்தான். 2006-ல் ரயில் பெட்டிகளைச் சட்டப்படி சோதிக்கக்கூடப் பணமில்லாமல் கம்பெனி தவித்தது. உள்ளூர் சோயா சாஸில் ஊறவைத்த அரிசி வறுவலை வாங்கிக் காப்பாற்றுங்கள் என்று அது வேண்ட, நாடெங்கிலுமிருந்து ஆர்டர் குவிந்தது. ரயில் இன்றும் ஓடுகிறது. டிக்கெட் காசை மட்டும் எண்ணிப் பார்த்திருந்தால் அந்தப் பாதையை என்றைக்கோ மூடியிருப்பார்கள்.

சென்னையிலிருந்து மாமல்லபுரம், புதுச்சேரி வழியாகக் கடலூருக்கு ஏறத்தாழ 180 கிலோமீட்டரில் கடற்கரைப் பாதை போடும் திட்டம் பல வருஷங்களாகப் பேச்சில் இருக்கிறது. அது வரும்போது மாமல்லபுரத்துக்கும் புதுச்சேரிக்கும் சுற்றுலா போகிறவர்களை மட்டும் நினைத்து வரக்கூடாது. ஜிப்மர் மருத்துவமனைக்குப் போகும் நோயாளிக்கும் கல்லூரிப் பிள்ளைகளுக்கும் காலையில் ஒரு பாசஞ்சர், மாலையில் திரும்ப ஒன்று, அளத்துக்குப் பக்கத்தில் மூட்டை ஏற்ற ஒரு சைடிங். மரக்காணம் கேட்க வேண்டியவை இவை. இன்னொன்றும் உண்டு. 2021-ல் பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பட்ட கழுவேலி ஏரி அருகில்தான் இருக்கிறது. ரயில்பாதைக்கு எழுப்பும் மண்கரை மழைநீரையும் கடல்நீரையும் மறித்துவிட்டால் ஏரியும் கெடும், அளமும் கெடும். நிலம் எடுப்பதற்கு முன்பே, நீர் எந்தப் பக்கம் ஓடும் என்று அளத்துக்காரர்களையும் மீனவர்களையும் கேட்டு, அதற்கேற்பப் பாலமும் மதகும் எங்கே வேண்டும் என்று முடிவு செய்ய வேண்டும்.