சாயலும் சொல்லும்: ஆங்கிலத்தில் உருவ வருணனை

முன்னுரை

பள்ளிப் படிப்பை முடித்துக் கல்லூரி வாயிலை மிதிக்கும் மாணவர் கையில், அவர்தம் உடலைப் பற்றிய இரண்டொரு ஆங்கில வரிகள் இருக்கும். மாற்றுச் சான்றிதழில் அங்க அடையாளங்கள் என்னும் பகுதியில் எழுதப்பெற்ற வரிகளே அவை. வலக்கையில் ஒரு 'மோல்', இடக்காலில் ஒரு 'ஸ்கார்' என்று அவை அமையும். முன்னது மச்சம், பின்னது தழும்பு. நம் மாணவர் பலர்க்கு உருவத்தைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லறிவு ஏறத்தாழ இவ்வளவில் நின்றுவிடுகிறது.

நாமக்கல் மாவட்டம், காவிரிக் கரையில் உள்ள ஜேடர்பாளையத்திலிருந்து வரும் ஒரு மாணவரை எண்ணிப் பார்ப்போம். படுகை அணையும், அங்கிருந்து புறப்படும் இராஜ வாய்க்காலும், கரும்பு வயலும் அவர் கண்டு வளர்ந்த உலகம். வெல்லம் காய்ச்சும் கொட்டகையில் கொப்பரைமுன் நிற்கும் தம் பாட்டனாரைப் பற்றிக் கூறச் சொன்னால், "நெடிய உருவம், ஒற்றைநாடி உடம்பு, மாநிறம், ஏறு நெற்றி, நரைத்த மீசை" என்று தமிழில் ஒரே மூச்சில் சொல்லிவிடுவார். அதனையே ஆங்கிலத்தில் கேட்டால், 'ஹை', 'ஸ்கின்னி', 'பிளாக்' என மூன்று சொற்களைக் கூறி நிறுத்திக்கொள்வார். அம்மூன்றும் பாட்டனாருக்குப் பொருந்தாதவை. ஏன் பொருந்தா என்பதை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

வினாவை அறிதல்

விடைக்கு முன் வினாவை அறிதல் வேண்டும். 'வாட் டஸ் ஹி லுக் லைக்' என்பது தோற்றத்தைக் கேட்கும் வினா. 'வாட் இஸ் ஹி லைக்' என்பது பண்பைக் கேட்பது. 'ஹௌ இஸ் ஹி' என்பதோ நலம் உசாவுவது. தமிழிலும் இவ்வேறுபாடு உண்டு. அவர் பார்ப்பதற்கு எப்படி இருப்பார், எப்படிப்பட்டவர், எப்படி இருக்கிறார் என மூன்றாக நாம் கேட்கிறோம் அல்லவா? நேர்முகத் தேர்வில் பண்பைக் கேட்டவருக்கு உயரத்தை விடையாகக் கூறும் பிழை, இவ்வேறுபாட்டை உணராமையால் நேர்வதாகும்.

உடற்கட்டு

உயரம் என்னும் சொல்லைத் தமிழர் மலைக்கும் வழங்குவர், மனிதருக்கும் வழங்குவர். ஆங்கிலத்தில் மலைக்கு 'ஹை' உரியது. மனிதருக்கு 'டால்' உரியது. ஆகவே பாட்டனார் 'டால்' ஆவார்.

அடுத்து மெலிவு. 'தின்' என்பது உள்ளதை உள்ளவாறு கூறும் பொதுச்சொல். 'ஸ்லிம்', 'ஸ்லெண்டர்' ஆகியவை பாராட்டுச் சொற்கள். ஒடிசலான, கொடிபோன்ற என்னும் நம் வழக்கிற்கு நிகரானவை. 'ஸ்கின்னி' என்பதில் நோஞ்சான் என்னும் இகழ்ச்சி தொனிக்கும். மெலிந்தும் உரம் வாய்ந்த உடலை 'லீன்' என்பர். நாள் முழுதும் உழைக்கும் அவ்வுடலுக்கு இச்சொல்லே தகும்.

பருமனுக்கும் இவ்வாறே படிநிலைகள் உள. 'ஃபேட்' என்று ஒருவரை நேரில் கூறுதல் நாகரிகமன்று. 'பிளம்ப்' என்பது பூசினாற்போன்ற உடல். குழந்தைக்கு மிகவும் ஏற்றது. 'வெல் பில்ட்' என்பது வாட்டசாட்டமான கட்டுடல். 'பாட் பெல்லி' என்பது தொந்தி. பானை வயிறு என்னும் நம் வழக்கும் அதுவும் ஒன்றே. ஓர் உடலுக்கே பல சொற்கள் இருப்பினும், சொல்பவரின் உள்ளம் எத்தகையது என்பதை அவர் தேர்ந்தெடுக்கும் சொல் காட்டிவிடுகிறது.

நிறம்

மூன்றாவது சொல்லாகிய 'பிளாக்', மனிதரைக் குறிக்கும்போது பெரும்பாலும் ஆப்பிரிக்க வழிவந்த இனத்தைச் சுட்டும். மேனியின் கருமையை 'டார்க்' என்பதே வழக்கு. மாநிறத்தைப் 'பிரௌன்' எனலாம். நம் நாட்டு மணமகள் தேவை விளம்பரங்களில் காணும் 'வீட்டிஷ்', கோதுமை நிறம் என்னும் பொருளில் இந்திய ஆங்கிலத்தில் பெருவழக்குப் பெற்ற சொல்லாகும். நாம் சிவப்பு என்பதை 'ரெட்' என மொழிபெயர்த்தால், வெட்கத்தாலோ சினத்தாலோ முகம் சிவந்தவர் என்றே ஆங்கிலேயர் கொள்வர்.

'ஃபேர்' என்னும் சொல் பழைய ஆங்கிலத்தில் அழகையே குறித்தது. வெளிர்நிறம் என்னும் பொருள் பின்னர் ஏறியது. அதனால் வெண்மையே அழகு என்னும் மயக்கமும் உடன் ஏறிற்று. 1975இல் இந்தியச் சந்தைக்கு வந்த 'ஃபேர் அண்ட் லவ்லி' என்னும் முகப்பூச்சு, 2020இல் 'குளோ அண்ட் லவ்லி' எனப் பெயர் மாறியது இம்மயக்கத்திற்கு எழுந்த எதிர்ப்பின் விளைவே. நம் பழந்தமிழர் கொள்கையோ வேறு. தலைவியின் மாந்தளிர் போன்ற மேனிநிறத்தை மாமை என்று போற்றினர். பிரிவினால் மேனி வெளிறுவதைப் பசலை எனக் கூறி, அதனை அழகின் இழப்பாகக் கருதினர். 'பசப்புறு பருவரல்' எனத் திருக்குறளில் ஓர் அதிகாரமே உண்டு.

'ஹோம்லி' என்னும் சொல்லும் எச்சரிக்கைக்கு உரியது. நம் விளம்பரங்களில் அது குடும்பப் பாங்கான பெண்ணைக் குறிக்கும். அமெரிக்கரோ அதனை அழகற்றவர் என்று பொருள்கொள்வர். பாராட்டாக நாம் எழுதியது அங்கே பழிப்பாகிவிடும்.

மரபுத்தொடர்கள்

மரபுத்தொடர்கள் அந்தந்த மண்ணில் விளைந்தவை. நெட்டையரை நாம் பனைமரம் என்போம். ஆங்கிலேயர் 'பீன்போல்' என்பர், அதாவது அவரைக்கொடிக்கு ஊன்றும் கழி. ஒல்லியரை நாம் ஈர்க்குச்சி என்போம். அவர்கள் சருகு வாரும் 'ரேக்' என்னும் கருவிக்கு ஒப்பிடுவர். தந்தையை உரித்து வைத்தாற்போன்ற மகனை 'ஸ்பிட்டிங் இமேஜ்' என்பர். ஒத்த உருவினர் இருவரை நாம் ஒரே அச்சில் வார்த்தாற்போல் என்போம். அவர்கள் ஒரே நெற்றில் கிடக்கும் இரு பட்டாணிகள் என்பர். எலும்பும் தோலும் என்பது மட்டும் 'ஸ்கின் அண்ட் போன்' என இரு மொழியிலும் ஒன்றாக நிற்கிறது. பசியின் தோற்றம் எந்நாட்டிலும் ஒன்றுதானே!

முடிவுரை

இனி அம்மாணவர் தம் பாட்டனாரை 'டால்', 'லீன்', 'பிரௌன்' எனக் கூறலாம். ஏறு நெற்றிக்கு 'ரிசீடிங் ஹேர்லைன்', நரைத்த மீசைக்குக் 'கிரே முஸ்டாஷ்' எனச் சேர்த்துக்கொள்ளலாம். சொற்கள் ஐந்தே, ஆயினும் கொப்பரைமுன் நிற்கும் அம்முதியவர் அவற்றில் தம் பெருமை குன்றாமல் நிற்பார். பெருந்தேரைத் தாங்கும் சிற்றாணியைக் காட்டி, உருவம் கண்டு எவரையும் இகழாதீர் என்று வினைத்திட்பம் அதிகாரத்தில் அறிவுறுத்தினார் வள்ளுவர். பிறமொழி கற்கும் நாம் சொல்லின் பொருளோடு இவ்வறத்தையும் உடன் கற்போமாக!